தோற்றவன் பெயர் இல்லாத வழக்குகள்

"ஹேக் போடுறவனைப் பிடிச்சு உள்ள வைக்கணும் சார்." ஆன்லைன் விளையாட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் யூடியூபர், போட்டி நடத்துபவர், பிள்ளையைப் பெற்றவர் என எல்லோரும் கடைசியில் வந்து நிற்கிற இடம் இதுதான். அமெரிக்காவில் ஏமாற்று மென்பொருள் விற்றவனுக்குக் கோடிக்கணக்கில் தண்டம் போடுகிறார்கள். தென்கொரியாவில் சிறை. சீனாவில் போலீஸே கும்பலை வளைத்துப் பிடிக்கிறது. நம் நாட்டில்தான் கேட்பார் இல்லை. இ-ஸ்போர்ட்ஸுக்கு அரசு அங்கீகாரம் வந்துவிட்டது. ஏமாற்றுக்காரனுக்கென்று கடுமையான ஒரு குற்றவியல் சட்டமும் வந்துவிட்டால் ஆட்டம் சுத்தமாகிவிடும். வாதம் இவ்வளவுதான்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இவர்கள் முன்மாதிரியாகக் காட்டும் வழக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் ஒரு விஷயம் உறுத்தும். ஏமாற்றப்பட்டுத் தோற்ற ஆட்டக்காரன் அவற்றில் எங்குமே இல்லை. வாதி நிறுவனம். காக்கப்படுவது நிறுவனத்தின் பதிப்புரிமை. தீர்ப்பாகும் தொகையும் நிறுவனத்துக்கே. அந்த அச்சிலேயே இங்கும் ஒரு சட்டத்தை வார்த்தால் நிறுவனங்களின் கையில் இன்னொரு தடி சேரும். ஆட்டக்காரன் இருந்த இடத்திலேயே இருப்பான். ஊரே ஒரு பக்கம் பேசும்போது நான் இதை மறுக்கிறேன் என்றால் அதற்கு என் ஊர் ராசியும் ஒரு காரணமாக இருக்கலாம். நான் எழுதுவது காஞ்சிபுரம் பக்கத்துத் திருப்புட்குழியிலிருந்து. யாதவப் பிரகாசரிடம் பாடம் கேட்ட இராமாநுசர், குருவின் உரையையே மறுத்துப் பேசியது இங்கேதான் என்பது வைணவ மரபு.

முதலில் ஆட்டத்தைப் பார்ப்போம். சாயங்காலம் தறிச் சத்தம் ஓய்ந்ததும் எங்கள் தெருத் திண்ணைகளில் பையன்கள் கூடுவார்கள். பிஜிஎம்ஐ என்ற போன் ஆட்டத்தில் கஸ்டம் ரூம். ஆளுக்கு ஐம்பது ரூபாய் என்ட்ரி. கடைசிவரை நிற்கிற ஸ்குவாடுக்குப் பணம். கடைசி வட்டம் சுருங்கிக்கொண்டு வருகிறது. ஒருவன் புகைக்குண்டு போட்டு அதற்குள் படுத்திருக்கிறான். எதிரே யாருக்கும் அவன் தெரியக் கூடாது. இருந்தும் தூரத்திலிருந்து ஒரே குண்டு, நேராகத் தலையில். "டேய், ஸ்மோக்ல எப்படிடா தெரிஞ்சது? ஹேக்குடா அவன். ரிப்போர்ட் அடி." ரிப்போர்ட் அடித்தாயிற்று. ஐம்பது ரூபாய் போனது போனதுதான்.

புகைக்குள் இருந்தவன் எப்படித் தெரிந்தான் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. புகை என்பது அவரவர் போனின் திரையில் வரையப்படும் ஒரு படம். எதிரி எங்கே நிற்கிறான் என்ற தகவலை நிறுவனத்தின் சர்வர் ஏற்கெனவே எல்லாருடைய போனுக்கும் அனுப்பிவிட்டிருக்கும். போனின் நினைவகத்தில் கிடக்கும் அந்தத் தகவலைப் படித்து, சுவருக்குப் பின்னால் இருப்பவனையும் கட்டம் போட்டுக் காட்டுவது வால்ஹேக். அதைக் கொண்டு குறியையும் தானே நகர்த்திக் கொடுப்பது எய்ம்பாட். வீட்டுக்குள் வந்துவிட்ட ரகசியத்தை எட்டிப் பார்க்காதே என்று சொல்லும் விதியின் மேல்தான் மொத்த ஆட்டமும் நிற்கிறது. கண்ணில் படப்போகிற கணம் வரை எதிரியின் இருப்பிடத்தை அனுப்பாமலே வைத்திருக்கவும் வழி உண்டு. ரயட் நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வேலரண்ட் ஆட்டத்தில் அப்படிச் செய்தது. அதற்குச் சர்வர் கூடுதலாக உழைக்க வேண்டும், செலவும் கூடும். ஏமாற்று என்பது ஏமாற்றுகிறவனின் ஒழுக்கக்கேடு மட்டுமாக இருந்தால் சிறை சரியான மருந்தாகலாம். அது ஆட்டத்தைக் கட்டியவர்கள் செய்த தேர்வின் விளைவும்கூட. அந்தத் தேர்வைப் பற்றி எந்த வழக்கும் கேள்வி கேட்பதில்லை.

இனி வழக்குகள். பிளிசார்ட் நிறுவனம், ஏமாற்று மென்பொருள் விற்ற ஜெர்மனியின் பாஸ்லாண்ட் மேல் தொடுத்த வழக்கில் 2017 ஏப்ரலில் கலிபோர்னிய நீதிமன்றம் விதித்த தொகை 85 லட்சம் டாலருக்கு மேல். ஆக்டிவிஷன், 'கால் ஆஃப் டூட்டி'க்கு ஹேக் விற்ற என்ஜின்ஓனிங் மேல் 2022-இல் தொடுத்த வழக்கில் 2024 மே மாதம் தீர்ப்பான தொகை 1 கோடியே 44 லட்சம் டாலருக்கு மேல். செய்தியில் படித்தால் மலைப்பாக இருக்கும். கணக்கு எப்படி வந்தது என்று பாருங்கள். முதல் வழக்கில் 42,818 மீறல்கள், தலைக்கு 200 டாலர். இரண்டாவதில் 72,328 பதிவிறக்கங்கள், அதே 200 டாலர். மென்பொருளுக்கு நிறுவனம் போட்ட பூட்டை உடைக்கும் கருவியை விற்றால் ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் வைத்திருக்கும் குறைந்தபட்ச விலை அது. எத்தனை ஆட்டம் கெட்டது, எத்தனை பேர் தோற்றார்கள், யாருடைய பரிசு பறிபோனது என்பதெல்லாம் அந்தப் பெருக்கலில் வரவே இல்லை. எண்ணப்பட்டவை பூட்டுகள். தோற்றவர்களை யாரும் எண்ணவில்லை.

இரண்டுமே எதிர்வாதி வந்து வாதாடாமல் ஒருதலையாக முடிந்த தீர்ப்புகள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேறு நாட்டில் உட்கார்ந்திருப்பவன் வரவில்லை. நீதிமன்றம் எண்ணைப் பெருக்கிக் கொடுத்துவிட்டது. எதிர்வாதி வந்து நின்று, ஜூரி உட்கார்ந்து சாட்சியம் கேட்ட வழக்கு ஒன்று உண்டு. 'டெஸ்டினி 2' ஆட்டத்தை நடத்தும் பஞ்சி நிறுவனம், ஹேக் விற்ற எய்ம்ஜங்கீஸ் தளத்தை நடத்தியவர்கள் மேல் 2021-இல் தொடுத்தது. சமரசத் தீர்ப்பாளர் 2023-இல் 43 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னார். பதிப்புரிமைக் கோரிக்கை தனியாக சியாட்டில் ஜூரி முன் போனது. 2024 மே மாதம் அவர்கள் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்புச் சொன்னார்கள். தொகை 63,210 டாலர். கோடிகள் எங்கே, இது எங்கே? மலைக்க வைக்கும் எண்ணைக் காட்டி "பார்த்தீர்களா, சட்டம் எப்படிப் பயமுறுத்துகிறது" என்பவர்கள் இந்தச் சிறிய எண்ணைச் சொல்வதில்லை.

இன்னும் அடிப்படையான சிக்கலும் இருக்கிறது. ஏமாற்று மென்பொருள் பதிப்புரிமையை மீறுகிறது என்பதே உறுதியாக நிற்கும் வாதம் இல்லை. 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' ஆட்டத்தை ஆள் இல்லாமலே ஆடிக்கொடுத்த கிளைடர் என்ற பாட் தொடர்பான வழக்கில், 2010 டிசம்பரில் அமெரிக்க ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் நறுக்கென்று ஒன்று சொன்னது. பாட் போடக் கூடாது என்ற ஒப்பந்த விதியை மீறினான் என்பதாலேயே பதிப்புரிமை மீறல் ஆகிவிடாது. அப்படி ஆக்கினால், தனக்குப் பிடிக்காத எதையும் நிறுவனம் தன் விதிமுறையில் எழுதிப் பதிப்புரிமைக் குற்றமாக்கிவிடலாம். பூட்டை உடைத்தது என்ற இன்னொரு பிரிவில்தான் பிளிசார்டின் கை ஓங்கியது.

ஐரோப்பா இன்னும் ஒரு படி மேலே போனது. சோனியின் கையடக்கக் கருவியில் ஆடும் ஒரு கார் பந்தயத்தில், வேக ஊக்கியை வேண்டிய மட்டும் பயன்படுத்தவிடும் மென்பொருளை டேட்டல் என்ற நிறுவனம் விற்றது. பத்தாண்டுகளுக்கு மேல் ஜெர்மன் நீதிமன்றங்களில் நடந்த இந்த வழக்கில், 2024 அக்டோபர் 17 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் சோனிக்குச் சாதகமில்லாமல் விளக்கம் சொன்னது. ஆட்டத்தின் நிரலைத் தொடாமல், ஆடும்போது நினைவகத்தில் வந்துபோகும் மதிப்புகளை மட்டும் மாற்றினால் அது நிரலின் பதிப்புரிமைக்குள் வராது. திண்ணையில் நடந்ததை இதோடு வைத்துப் பாருங்கள். அங்கேயும் தொடப்பட்டது போனின் நினைவகத்தில் இருந்த தகவல்தான்.

இதைச் சொல்வதால் ஹேக் சரி என்று ஆகிவிடாது. அது அசிங்கமான ஏமாற்று. கேள்வி வேறு: அந்த ஏமாற்றில் அடிபட்டவர் யார், அவருக்கு யார் பதில் சொல்வது? 2018 அக்டோபரில் ஷாங்காயில் நடந்த ஆசிய அளவிலான இ-ஸ்போர்ட்ஸ் போட்டியில், ஆப்டிக் இந்தியா அணியில் ஆடிய ஒருவருடைய கணினியில் 'வேர்டு' என்ற அப்பாவிப் பெயரில் ஒளித்து வைத்த எய்ம்பாட் ஆட்டத்தின் நடுவிலேயே பிடிபட்டது. நடுவர் வந்து நிற்கும்போதே அதை அழிக்கப் பார்த்தார் என்பது உலகம் முழுக்க ஓடிய காணொளி. அணி அங்கேயே தகுதி இழந்தது. பிறகு நிறுவனம் இந்திய அணியையே கலைத்துவிட்டது. ஏமாற்றியவருக்கு இ-ஸ்போர்ட்ஸ் நேர்மை ஆணையம் ஐந்தாண்டுத் தடை விதித்தது. சரி. ஒரு தப்பும் செய்யாத மற்ற நான்கு பேர்? வேலை போனது, பெயர் போனது, 'இந்தியன் டீமா, ஹேக்கா' என்ற கேலி பல வருடம் துரத்தியது. அவர்களுக்கு எந்த மன்றத்திலும் ஒரு நாற்காலி இல்லை. ஏமாற்றியவருக்கு ஐந்துக்குப் பதில் ஐம்பது ஆண்டு கொடுத்திருந்தாலும் அந்த நால்வருக்கு அதில் ஒரு பைசா லாபம் கிடையாது.

கடும் சட்டம் கேட்பவர்கள் பார்க்க மறுக்கும் இன்னொரு ஆளும் உண்டு: ஏமாற்றாமலே ஏமாற்றுக்காரன் என்று முத்திரை குத்தப்பட்டவன். 2010-இல் 'மாடர்ன் வார்ஃபேர் 2' ஆடிய சுமார் 12,000 பேரை வால்வ் நிறுவனத்தின் கண்காணிப்பு மென்பொருள் தவறாகத் தடை செய்தது. நிறுவனத் தலைவரே மன்னிப்புக் கேட்டு, ஆளுக்கொரு ஆட்டம் இலவசமாகக் கொடுத்தார். 2023 அக்டோபரில் ஏஎம்டி தன் கிராபிக்ஸ் கார்டுக்கு ஒரு புதிய வசதியைச் சேர்த்தது. அதை இயக்கியவர்களுக்குக் 'கவுண்டர் ஸ்டிரைக் 2'-இல் தடை விழுந்தது. அவர்கள் செய்த ஒரே 'குற்றம்', கார்டு தயாரித்த நிறுவனமே கொடுத்த வசதியை ஆன் செய்தது. 2024 அக்டோபரில் ஆக்டிவிஷனின் கண்காணிப்பில் இருந்த ஒரு ஓட்டையைப் பயன்படுத்தி, ஒரு ஹேக்கர் ஒழுங்காக ஆடியவர்களையே தடைக்குள்ளாக்கியது வெளியே வந்தது. இவை நிறுவனங்களே ஒப்புக்கொண்டு திருத்திய தவறுகள். இந்தத் தடைகளெல்லாம் ஒரு குற்றவியல் சட்டத்தின் கீழ் முதல் தகவல் அறிக்கையாக மாறியிருந்தால்? ஐடி போனால் வருத்தம். பாஸ்போர்ட் விசாரணையில் வழக்கு எண் வந்தால் வாழ்க்கை போகும்.

இதையே சதுரங்கத்தில் பார்த்தால் நம்மூர்க்காரர்களுக்கு இன்னும் பிடிபடும். 2021 ஜூன் 13 அன்று கோவிட் நிவாரண நிதிக்காக விஸ்வநாதன் ஆனந்த் பிரபலங்கள் பலருடன் ஒரே நேரத்தில் ஆன்லைனில் ஆடினார். அதில் ஜெரோதா நிறுவனர்களில் ஒருவரான நிகில் காமத் ஆனந்தை வென்றார். மறுநாளே, கணினி உதவியோடும் பிறர் உதவியோடும் ஆடியதை அவரே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். செஸ்.காம் தளம் அவருடைய கணக்கை மூடியது. சில நாளில் திறந்தும் விட்டது. ஆனந்த் பெருந்தன்மையாக, பலகையில் இருந்த நிலையைத்தான் ஆடினேன், எல்லோரிடமும் அதையே எதிர்பார்த்தேன் என்பதோடு விட்டுவிட்டார். அந்தப் பெருந்தன்மையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கோடீஸ்வரரின் கணக்கு சில நாளில் திறந்தது. திண்ணையில் ஆடும் பையனுக்கு ஐடி போனால் கிடைப்பது 'பத்து வருட பேன்' என்ற அறிவிப்பு. முறையிட்டால் அதைக் கேட்பதும் தடை போட்ட அதே நிறுவனம். குற்றம் சாட்டுபவர், சாட்சி, நீதிபதி, மேல்முறையீட்டு மன்றம் எல்லாமே ஒரே ஆள்.

ஹான்ஸ் நீமன் விவகாரம் இன்னும் கூர்மையானது. 2022 செப்டம்பரில் செயின்ட் லூயிஸில் மாக்னஸ் கார்ல்சனைத் தோற்கடித்த அந்த இளைஞர், ஏமாற்றினார் என்ற சந்தேகத்துக்கு ஆளானார். ஆன்லைனில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் அவர் ஏமாற்றியிருக்கலாம் என்று செஸ்.காம் 72 பக்க அறிக்கை வெளியிட்டது. சிறுவயதில் ஆன்லைனில் சில முறை தவறு செய்ததை நீமனே ஒத்துக்கொண்டார். எதிரே உட்கார்ந்து ஆடிய ஆட்டங்களில் செய்யவில்லை என்று சாதித்து, அக்டோபரில் 10 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். 2023 ஜூனில் மிசௌரி கூட்டாட்சி நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. ஆகஸ்டில் சமரசம் ஆனது. அந்த ஆட்டத்தில் அவர் ஏமாற்றியதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று கார்ல்சன் ஒத்துக்கொண்டார், தளம் தன் அறிக்கையில் நின்றது, மூடியிருந்த அவர் கணக்கைத் திறந்தது. ஏமாற்றினாரா இல்லையா? எந்த நீதிமன்றமும் அந்தக் கேள்விக்குள் நுழையவே இல்லை. உலகத் தரவரிசையில் இருப்பவருக்கே இந்தக் கதி. நாம் நம்பியிருக்கும் நீதிமன்றப் பாதை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

சரி, கொரியாவைப் பார் என்பார்கள். பார்ப்போம். 2017 முதல் அங்கே அமலில் உள்ள திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மென்பொருளைத் தயாரித்தாலும் பரப்பினாலும் சிறை அல்லது அபராதம். இரண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஒன்று, தண்டனை தயாரிப்பவனுக்கும் பரப்புபவனுக்கும்; போட்டு ஆடும் பையனுக்குச் சிறை இல்லை. சீனாவில் 2021 மார்ச்சில் குன்ஷான் போலீஸ் டென்சென்ட் உதவியோடு பிடித்ததும் விற்பனைக் கும்பலைத்தான். ஆகவே 'பிடித்து உள்ளே வை' என்பவர்கள் காட்டும் முன்மாதிரியே அவர்கள் பக்கம் இல்லை. இரண்டாவது இன்னும் முக்கியம். 'அனுமதியில்லாத மென்பொருள்' என்றால் கொரியச் சட்டத்தில் ஆட்ட நிறுவனம் தராத, ஏற்காத மென்பொருள். அதாவது எது ஏமாற்று என்பதை வரையறுக்கும் பேனா நிறுவனத்தின் கையில்.

அந்தப் பேனாவை ஒப்படைப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் வந்திருக்கிறது. பணம் கட்டி ஆட இடம் தந்த வின்ஸோ தளத்தின் மேல் அமலாக்கத் துறை 2025 நவம்பரில் நடவடிக்கை எடுத்தது. எதிரே ஆடுவது மனிதர் என்று நம்பிப் பணம் கட்டியவர்களை, அவர்கள் அறியாமலே மென்பொருளோடு ஆட விட்டார்கள் என்பது புகாரின் சாரம். அது குற்றச்சாட்டுதான், தீர்ப்பு அல்ல. ஆனால் ஒரு பேச்சுக்கு அப்படி ஒன்று எங்காவது நடப்பதாக வைத்துக்கொள்வோம். நிறுவனமே ஏற்றுக்கொண்ட பாட், கொரிய வரையறைப்படி 'அனுமதி உள்ள' மென்பொருள்! திண்ணைப் பையனின் எய்ம்பாட் குற்றம்; தளத்தின் பாட் வியாபாரம். நகலெடுக்கச் சொல்லும் சட்டம் இதுதான்.

ஏமாற்றைப் பிடிக்கிறோம் என்று நிறுவனங்கள் நம் கணினிக்குள் நுழையும் ஆழமும் கவலைக்குரியது. இன்றைய கண்காணிப்பு மென்பொருள்களில் பல, இயங்குதளத்தின் அடிமடியில், கெர்னல் மட்டத்தில் உட்காருகின்றன. கணினியில் அதற்குத் தெரியாமல் எதுவும் நடக்க முடியாத இடம் அது. 2013-இல் ஈசியா என்ற போட்டித் தளத்தின் கண்காணிப்பு மென்பொருள், ஆடியவர்களின் சுமார் 14,000 கணினிகளில் ரகசியமாக பிட்காயின் தோண்டியது. நியூஜெர்சி அரசோடு 10 லட்சம் டாலருக்கு உடன்பாடு செய்ய வேண்டியதாயிற்று. 2022-இல் 'கென்ஷின் இம்பாக்ட்' ஆட்டத்தின் கண்காணிப்பு டிரைவரையே கருவியாக்கி, வைரஸ் தடுப்பை முடக்கிவிட்டுப் பணம் பறித்தார்கள். காவலுக்கு வைத்த ஆள் திருடனுக்குச் சாவி கொடுத்த கதை. கடும் சட்டம் வந்தால் இந்தக் காவல்காரர்களின் அதிகாரம் கூடும். அவர்களைக் கேள்வி கேட்கும் அதிகாரம் யாருக்கும் கூடாது.

இங்கே சட்டமே இல்லை என்ற புலம்பலும் பாதிதான் உண்மை. டெலிகிராமில் 'ஆன்டி-பேன் மோட்' என்று விற்பவனை எடுத்துக்கொள்ளுங்கள். பல சமயம் அந்த ஏபிகே போட்டவுடன் பையனின் ஜிமெயில், ஆட்டக் கணக்கு, சில நேரம் அப்பாவின் யுபிஐ வரை போய்விடும். அப்படித் திருடுகிறவனுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43, 66, 66சி பிரிவுகள் இருக்கின்றன. பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவு இருக்கிறது. 1930 என்ற உதவி எண் இருக்கிறது. புதிதாக எதுவும் எழுத வேண்டாம். ஆனால் தன் சொந்த போனில் மோட் போட்டு ஆடுகிறவனுக்கு இவை எளிதில் பொருந்தா. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்த்த 65ஏ பிரிவும் பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பவனுக்குத்தான். எதிரியைச் சுடும் நோக்கத்துக்கு அல்ல. இந்த இடைவெளியைத்தான் சிறையால் அடைக்கச் சொல்கிறார்கள்.

அந்த இடைவெளியில் நிற்பவர் யார் என்று பாருங்கள். அவர்களில் பலர் பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகள். 2017-இல் எபிக் நிறுவனம் 'ஃபோர்ட்நைட்' ஏமாற்றுக்காக வழக்குப் போட்டவர்களில் ஒருவன் 14 வயதுப் பையன். அவன் தாய் நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார்: என் பையன் மைனர், அந்த ஒப்பந்தத்துக்கு நான் சம்மதம் கொடுக்கவில்லை. நம் ஒப்பந்தச் சட்டத்தின் 11-ஆம் பிரிவும், 1903-இல் மோஹரி பீபி வழக்கில் பிரிவி கவுன்சில் சொன்ன தீர்ப்பும் மைனர் செய்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்கின்றன. 'ஐ அக்ரீ' என்று தட்டிய விரலுக்குச் சட்டத்தில் மதிப்பே இல்லாத ஒருவனை, அந்த விதியை மீறியதற்காகக் குற்றவாளி ஆக்குவது என்ன நியாயம்? 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிள்ளைகளின் நடத்தையைக் கண்காணிப்பதைத் தடை செய்கிறது. ஏமாற்றைப் பிடிக்கும் மென்பொருள் செய்வதோ முழுக்க நடத்தைக் கண்காணிப்பு. இதை யாராவது பேசுகிறார்களா?

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டத்தை எடுத்துக்கொண்டால், பண ஆட்டத்துக்குத் தடை, இ-ஸ்போர்ட்ஸுக்கு அங்கீகாரம் என்று அது கோடு கிழிக்கிறது. இ-ஸ்போர்ட்ஸ் என்றால் முடிவு உடல், மூளைத் திறனால் மட்டுமே அமைய வேண்டும் என்கிறது வரையறை. அழகான வரையறை. அந்தத் திறனை மென்பொருள் விழுங்கிவிட்டால் தோற்றவன் எங்கே போவது என்பதற்கு அதில் வழி இல்லை. பதிவு செய்யாத ஐம்பது ரூபாய் கஸ்டம் ரூமில் ஏமாந்தவன் போலீஸுக்குப் போனால், முதலில் அந்த ரூமே சட்டப்படி நிற்குமா என்ற கேள்விதான் எழும்.

எங்கள் பக்கத்துத் தொழிலிலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. சேலையில் போலி ஜரிகை வந்தபோது, தங்கம் எவ்வளவு, வெள்ளி எவ்வளவு என்று சோதிக்கும் ஏற்பாடு காஞ்சிபுரத்தில் வந்தது. ஜரிகை விற்றவனே சோதித்து, விற்றவனே தீர்ப்புச் சொல்லும் முறையாக இருந்திருந்தால் எந்த நெசவாளியும் அதை நம்பியிருக்க மாட்டான். வாங்கியவன் சேலையைக் கொண்டுபோய்க் காட்டலாம், முடிவைக் கையில் வாங்கலாம் என்பதால்தான் அந்தச் சோதனைக்கு மதிப்பு. ஆன்லைன் ஆட்டத்தில் இல்லாதது இந்த மூன்றாவது ஆள்.

அதை உருவாக்கச் சிறைச் சட்டம் வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ஐ எடுங்கள். நியாயமான காரணமின்றி ஒருதலையாக ஒப்பந்தத்தை முறிக்க ஒரு தரப்புக்கு உரிமை தரும் விதியை அது 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்கிறது. ஆட்டக் காசான யூசி வாங்கி, ஸ்கின் வாங்கிப் பணம் செலவழித்தவனின் ஐடியைக் காரணம் காட்டாமல் எடுப்பது இந்த வரையறைக்குள் வரும் என்று வாதாட இடம் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், அந்தப் புகாரைக் கேட்கும் அதிகாரம் மாநில ஆணையத்துக்குத்தான். மாவட்ட ஆணையத்துக்குக் கிடையாது. ஆயிரம் ரூபாய் ஸ்கினுக்காகத் திருப்புட்குழிப் பையன் சென்னைக்கு வக்கீல் வைக்க வேண்டும். இந்த ஒரு அதிகாரத்தை மாவட்ட அளவுக்கு இறக்கினாலே, பத்து வருட சிறைத் தண்டனையை எழுதி வைப்பதைவிட அதிக பயன் இருக்கும்.

'அப்படியானால் தொழில்முறையாக ஆடிப் பிழைக்கிறவனுக்கு என்ன பாதுகாப்பு?' என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. அதற்குப் பதில் இ-ஸ்போர்ட்ஸ் விதிகளில் இருக்க வேண்டும். பதிவு பெற்ற போட்டி எதிலும் ஏமாற்று நிரூபணமானால், பரிசுத் தொகை அடுத்த இடத்தில் நியாயமாக ஆடியவனுக்குக் குறிப்பிட்ட நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். அணித் தோழன் செய்த தப்புக்கு நிரபராதியின் சம்பளமும் பதிவும் பறிபோகக் கூடாது. தடை செய்யப்பட்டவனுக்கு எந்த ஆட்டம், எந்த ஆதாரம் என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். முறையீட்டை நிறுவனத்துக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் கேட்க வேண்டும். பதினெட்டுக்குக் கீழ் உள்ளவன் மேல் எந்த வழக்கும் கூடாது, தடை போதும். கெர்னல் மட்டத்தில் நுழைகிற மென்பொருள் எதைப் படிக்கிறது என்பதை ஆடுபவனுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். தளமே பாட் இறக்கினால் அதுவும் ஏமாற்று என்று வரையறையில் இருக்க வேண்டும்.

இவை எல்லாம் சலிப்பூட்டும் விதிகள். கைவிலங்கு போட்டுப் படம் எடுக்க இதில் வாய்ப்பில்லை. கோடி டாலர் தலைப்புச் செய்தியும் வராது. அதனால்தான் யாரும் கேட்பதில்லை. ஆனால் ஏமாற்றியவனைத் தண்டித்துவிட்டால் ஏமாந்தவனுக்கு நியாயம் கிடைத்ததாகக் கொள்வது பழைய மயக்கம். புதிய சட்டத்தின் வரைவு எப்போது மேசைக்கு வந்தாலும் அதில் முதலில் தேட வேண்டியது தண்டனை எத்தனை ஆண்டு என்பதை அல்ல. தோற்றவன் புகார் கொடுக்க ஒரு பிரிவு இருக்கிறதா, பழி சுமந்தவன் பதில் சொல்ல ஒரு பிரிவு இருக்கிறதா? இரண்டும் இல்லாவிட்டால் அது நிறுவனங்களின் வேலிக்கு அரசு செலவில் போடும் முள்கம்பி. அதற்கு நாம் கைதட்ட வேண்டியதில்லை.